கவிழ்க்காமல் விட்ட கேக்

அக்கா,

இன்று மத்தியானம் பதுளையில், என் மகள் எஸ்தர் வீட்டுக் குசினியில், உன் இரும்புச் சட்டியிலிருந்து சீனி கருகும் வாசனை வந்தது. அடி பிடித்துவிட்டதோ என்று பதறிப்போனேன். பிடிக்கவில்லை. ஆறிப்போன சட்டியை அவள் வேண்டுமென்றேதான் மறுபடி தணலில் காட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நீ மண்ணுக்குள் போய் எட்டு மாதமாகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் உள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் நான். உனக்கு மட்டும் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. உனக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஒரு சாக்கு, கூப்பிடு தூரத்தில் இருந்தாய் என்பது இன்னொரு சாக்கு. இப்போது இரண்டுமே செல்லாது. அதனால் பேரனின் கணக்குக் கொப்பியில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு கொல்லைப்புறப் படியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். எஸ்தரின் நிச்சயத்தன்று அந்தக் கேக்கை நீ ஏன் கவிழ்க்காமலே விட்டாய்? நான் வேண்டாம் என்றதாலா, அல்லது நான் ஏன் வேண்டாம் என்றேன் என்பது உனக்குத் தெரிந்துவிட்டதாலா? பதினோரு வருஷமாக இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நானே ஒரு பதில் சொல்லித் தூங்கிவிடுவேன். அந்தப் பதிலை இன்றைக்கு எஸ்தர் உடைத்துப் போட்டுவிட்டாள்.

அந்தக் கேக் நம் ஊர்ச் சரக்கே இல்லை. மச்சான் காய்ச்சலில் போன பிறகு, தோட்டத்துப் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசாணி உன்னை வீட்டுக்கு அனுப்பாமல் மச்சான் பார்த்த குசினி வேலையை உன்னிடமே கொடுத்தார். கொஞ்ச நாளில் துரைசாணி தன் ஊர்க் கேக் ஒன்றை உனக்குச் செய்து காட்டினார். அவர்கள் ஊரில் ஆப்பிளில் செய்வார்களாம். இங்கே ஆப்பிளுக்கு எங்கே போவது? நீ பசறைப் பக்கமிருந்து வரும் அன்னாசியில் செய்தாய். ஒருநாள் குசினிப் பின்வாசலில் நின்று நான் வேடிக்கை பார்த்தேன். சட்டியில் வெண்ணெயும் சீனியும் உருகித் தேன் நிறத்துக்கு வந்ததும், வட்டம் வட்டமாக வெட்டிய அன்னாசியை அடியில் அடுக்கினாய். அதன் மேல் மாவுக் கலவையை ஊற்றி மூடினாய். இத்தனை அழகாக அடுக்கியதை யார் கண்ணிலும் படாமல் மூடுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"பழத்தை மேல வச்சா ஆகாதாக்கா? எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"மேல வச்சா காஞ்சு போயிரும். அடியில கெடந்தாத்தான் சீனியில ஊறும். வேலை பூரா அடியில இருக்கு தம்பி, கவுக்குற வரைக்கும் நமக்கே தெரியாது," என்றாய்.

வெந்து இறக்கியதும் நீ உடனே கவிழ்க்கவில்லை. சட்டியைப் பலகையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பரமண்டல ஜெபம் சொன்னாய். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. வேதக்கோயிலில் உபதேசியார் வேலை பார்க்கிற நான் ஒருநாளும் அடுப்பு முன்னால் ஜெபித்ததில்லை. பிறகல்லவா தெரிந்தது, பக்தியும் இல்லை ஒன்றும் இல்லை, உனக்கு அதுதான் கடிகாரம். ஐந்து தடவை சொல்லி முடித்தால் சட்டியைக் கவிழ்க்கும் பதம் வந்துவிடும். முந்தினால் கேக் உடையும், பிந்தினால் சீனி இறுகிப் பழத்தைப் பிடித்துக்கொள்ளும். "நான் சொல்ற வேகத்துல அஞ்சு. நீ கோயில்ல சொல்ற வேகத்துல சொன்னா பத்து," என்றாய். பாதிரியார்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை.

ஐந்தாவது ஆமென் முடிந்ததும் தட்டை மேலே வைத்து ஒரே மூச்சில் கவிழ்த்தாய். சட்டியைத் தூக்கினால், பளபளவென்று பொன் நிறத்தில் அன்னாசி வட்டங்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நம் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தால் இதைச் சபை நடுவில் உன் கையால் செய்துகாட்ட வேண்டும் என்று.

எஸ்தர் உன் கையில் வளர்ந்தவள். அவளுக்கு ஆறு வயதில் தாய் போன பிறகு, பங்களா வேலை முடிந்து தினமும் அந்திக்குள் வந்து அவளுக்குத் தலை வாரிவிட்டுப் போனவள் நீ. அதனால் பதுளை டவுனில் எழுத்து வேலை பார்க்கும் பையன் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது நான் முதலில் உன்னிடம்தான் ஓடி வந்தேன். டவுன்காரர்கள் என்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம். நமுனுகுல மலையில் கொழுந்து பறிக்கிற சனத்துக்குப் போதிக்கிற உபதேசியார் வீட்டுப் பெண்ணை அவர்கள் மனசார எடுப்பார்களா, அல்லது குறை கண்டுபிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? அந்தப் பயத்தில்தான் வாய் நீண்டது. என் அக்கா துரைமார் சாப்பிடுகிற கேக்கை உங்கள் முன்னாலேயே கவிழ்த்துக் காட்டுவாள் என்று பெருமை அடித்துவிட்டு வந்தேன்.

நிச்சயத்துக்கு முந்தின ஞாயிறு நான் எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சகுனம் பார்ப்பதைப் பற்றி. நம் லயங்களில் சோற்றுப் பாத்திரத்தை யாரும் கவிழ்த்து வைக்க மாட்டார்கள், அது சாவு வீட்டு வேலை என்பார்கள். ஞானஸ்நானம் எடுத்தும் இந்தப் பயம் போகவில்லையே என்று மேசையைத் தட்டிப் பேசினேன். கோயில் வாசலில் நீ என்னை நிறுத்தினாய்.

"நல்லாப் பேசுனீங்க உபதேசியாரே. பூனை குறுக்க போனா மட்டும் வெத்தலைப் பையை மறந்துட்டேன்னு திரும்பி வர்றீங்களே, அது வேதத்துல எந்த அதிகாரம்?"

மற்றவர்கள் முன்னால் நீ என்னை 'நீங்க' என்று கூப்பிட்டால் அடுத்து அடி விழப்போகிறது என்று அர்த்தம். நான் சிரித்து மழுப்பினேன்.

நிச்சயத்தன்று விடிந்ததும் நீ சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை ஒட்டிய என் வீட்டுக்கு வந்துவிட்டாய். சூட்டோடு கவிழ்க்க வேண்டிய பண்டம், பங்களாவில் செய்து தூக்கி வர முடியாது. என் வீட்டில் பங்களாவில் இருப்பதுபோல் கேக் அடுப்பு ஏது? மூன்று கல்லின் மேல் சட்டியை வைத்து, மூடியின் மேலும் சிரட்டைத் தணலைக் கொட்டி, மேலும் கீழும் நெருப்பு கொடுத்தாய். முஸ்லிம் நானாவின் கடையிலிருந்து வாங்கி வந்த மாவைச் சலிக்கும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டு, சலித்த மாவை நீ இன்னொரு தடவை சலித்தாய். வெண்ணெயும் சீனியும் வெளுக்கும்வரை அடித்து அடித்து உன் தோள் இறங்கிவிட்டது. முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து முகர்ந்து பார்த்து ஊற்றினாய். கேக் உப்பி வந்த நேரத்தில் ஒரு ஈர்க்கைக் குத்தி எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாய். ஈர்க்கில் மாவு ஒட்டவில்லை. அன்று உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை அக்கா.

வெளுத்த வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தாய். மச்சான் போனதிலிருந்து எப்போதும் கட்டுகிறதுதானே என்று அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

முன்னறையில் டவுன்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நீ சட்டியைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து நடுவில் வைத்தாய். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வெறும் பழுப்பு நிற மாவுதான் தெரிந்தது. நீ கண்ணை மூடி உதட்டை அசைத்தாய். ஜெபிக்கிறாள் என்று நினைத்துச் சபை முழுக்கத் தலை குனிந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆமெனையும் எண்ணினேன். ஐந்தாவது முடிந்தது. தட்டால் மூடினாய், சட்டியின் பிடியைப் பிடித்துத் தூக்கினாய்.

அப்போது மாப்பிள்ளையின் தாய், "ஐயோ, நல்ல காரியத்துல..." என்று ஏதோ ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை. என் கை நீண்டு உன் மணிக்கட்டைப் பிடித்தது. "கவுக்காதக்கா. வேணாம். வச்சிரு," என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு உன் சேலையைக் குனிந்து பார்த்தாய். பிறகு சட்டியைக் கீழே வைத்தாய்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நீதான் சிரித்தாய். "சீனி இறுகிப் போச்சும்மா, இனி வராது. எந்தப் பக்கத்துல தின்னாலும் ருசி ஒண்ணுதான். தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாய். சட்டியோடு வைத்தே வெட்டிக் கொடுத்தாய். பையனின் மாமா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பழம் அடியில் நைந்து, துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது. நிச்சயம் நல்லபடி முடிந்தது. வண்டி கிளம்பியதும் உன்னைத் தேடினேன். நீ சட்டியைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு பின்வழியாகப் போய்விட்டிருந்தாய்.

அதற்குப் பிறகு என் வீட்டு நல்ல காரியம் எதிலும் நீ முன்னறைக்கு வரவில்லை. எஸ்தர் கல்யாணத்தில் அவள் மூன்று தடவை ஆள் அனுப்பியும், "அடுப்புல வேலை கெடக்கு," என்று சொல்லிவிட்டாய். பேரன் ஞானஸ்நானத்துக்கும் அதே பதில். அடுப்பில் உண்மையிலேயே வேலை இருந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

ஒருநாள் தொழிற்சாலைப் பாதையில் நீ எதிரே வந்தாய். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று, "அக்கா, அன்னைக்கு அந்தக் கேக்கு..." என்று ஆரம்பித்தேன். "நெஞ்சுச் சளி விட்டுச்சா? கம்பளியைப் போத்திக்கிட்டு நடந்தா என்ன?" என்று சொல்லிக்கொண்டே கடந்து போய்விட்டாய். எனக்குச் சளியே பிடித்திருக்கவில்லை.

நான் பாத்திரம் கவிழ்வதற்குத்தான் பயந்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசையைத் தட்டிப் பிரசங்கம் செய்தவன் ஆறு நாளில் அதே சகுனத்துக்கு நடுங்கினான், வெட்கக்கேடுதான், ஆனால் அவ்வளவுதான். உன் வெள்ளைச் சேலை என் நினைப்பிலேயே இல்லை. இப்படிச் சொல்லி முடித்ததும் உள்ளேயிருந்து இன்னொரு குரல் கேட்கும்: அப்படியானால் சட்டியைத் தடுக்காமல் அவள் கையை ஏன் பிடித்தாய்? வேறொரு பெண் கவிழ்த்திருந்தால் பிடித்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை அக்கா. சத்தியமாகத் தெரியவில்லை. நானும் துணையை இழந்தவன்தான். அதே அறையில் முதல் ஆளாக நின்று எல்லாரையும் வரவேற்றேன், யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. அதுகூட உன்னை அடக்கம் செய்த அன்று, உன் குழியோரத்தில் ஜெபம் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நடுவரியில் நின்றுபோனேன். துக்கம் தாங்காமல் என்று சனம் நினைத்தது.

இதற்கிடையில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் சீனி இறுகிப்போனதுதான். நான் தடுத்தது ஒரு நிமிஷப் புத்திக்கேடு, மீதியைச் சீனி செய்துவிட்டது, அக்காவே நினைத்திருந்தாலும் பிறகு கவிழ்த்திருக்க முடியாது. இதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

இன்று பேரனுக்குப் பிறந்தநாள். எஸ்தர் உன் சட்டியில் அந்தக் கேக்கைச் செய்தாள். இறக்கி வைத்துவிட்டு, "அப்பா, அஞ்சு ஜெபம் சொல்லிட்டுக் கூப்பிடுங்க," என்று என்னை உட்காரவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். முதல் ஜெபத்திலேயே நீ வந்து நின்றுகொண்டாய். எண்ணிக்கை தப்பியது, மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி தப்பியது. அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது சட்டி ஆறிச் சில்லென்று இருந்தது.

"போச்சும்மா. இனி வராது. உங்க அத்தைக்கும் அன்னைக்கு இப்படித்தான் ஆச்சு," என்றேன்.

அவள் சிரித்தாள். "ஏன் வராது? அடியில கொஞ்சம் தணல் காட்டுனா இளகிக் குடுத்துரும். அத்தைதான சொல்லிக் குடுத்தாங்க. பங்களாவுல துரை லேட்டா வந்தா இப்படித்தான் செய்வாங்களாம்."

சட்டியைத் தணலில் வைத்தாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. அன்று அடுப்பு பக்கத்திலேயே இருந்தது, தணலும் அவிந்திருக்கவில்லை. நினைத்திருந்தால் கவிழ்த்திருக்கலாம். இனி வராது என்று நீ சபையில் சொன்னது பொய். யாருக்காகச் சொன்னாய்? தம்பி டவுன்காரர்கள் முன்னால் அசிங்கப்படக் கூடாதென்று என் பழியைச் சீனியின் மேல் போட்டாயா? அல்லது, 'வேண்டாம் என்றாயல்லவா, உன் வீட்டில் இனி என் கை எதையும் தொடாது' என்று அடுப்புப் பக்கமே போகாமல் இருந்தாயா? இரண்டும் உனக்குப் பொருந்துகிறதே அக்கா. அதுதான் என்னைப் போட்டு ஆட்டுகிறது.

சட்டி சூடேறுவதற்குள், தாங்காமல், தின்பண்டத்துக்குத் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவிடம் போய்க் கேட்டேன். "அன்னைக்கு நிச்சயத்துல, எங்க அக்கா சட்டியைத் தூக்கினப்போ, நல்ல காரியத்துலன்னு ஏதோ சொல்ல வந்தீங்களே, என்ன சொல்ல வந்தீங்க?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "நானா? ஒண்ணும் சொல்லலையே. கேக்கு நல்லா இருந்துச்சு, அது ஞாபகம் இருக்கு. சட்டி கொதியாக் கொதிச்சுச்சு, பட்டுச்சேலையில கொட்டிருமோன்னு கத்தியிருப்பேன். ஏங்க, அன்னைக்கு ஏதும் தப்பா நடந்துச்சா?"

எந்தத் தப்பும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதினோரு வருஷமாக அந்த அம்மாள் வாயில் நான் ஒரு சொல்லை வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. அந்தச் சொல் என் வாயில் இருந்தது. ஐந்தாவது ஆமெனுக்குப் பிறகு அந்த அறையில் உன்னைப் பார்த்துப் பயந்தவன் நான் ஒருவன்தான், உன் தம்பி.

நீ என்ன நினைத்தாய் என்பது இனித் தெரியப்போவதில்லை. உன் கடிகாரம் மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. கோயிலில் ஜெபத்தை இப்போதெல்லாம் உன் வேகத்தில்தான் சொல்கிறேன். கிழவர் தூங்கி வழிகிறார் என்று வாலிபர்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

படிக்கு வருவதற்கு முன் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சட்டி சூடேறியதும் எஸ்தர் அதைப் பலகையில் வைத்து மேலே தட்டைப் பொருத்தினாள். "இந்தத் தடவையாவது தப்பாம எண்ணுங்கப்பா," என்றாள். எண்ணினேன். ஐந்தாவது ஆமென் வந்ததும் என்னையறியாமல் வாய்விட்டு, "கவுத்துரு அக்கா," என்றேன்.

எஸ்தர் சட்டியைத் தொடவில்லை. தட்டைப் பிடித்தபடி என்னோடு சேர்ந்து அவளும் உனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். பிறகு நான்தான் கவிழ்த்தேன்.